பிரஷர் மாத்திரையோடு மனச்சோர்வு மாத்திரை சேரும்போது

பிரஷருக்காக ஆறு வருடமாகத் தினமும் ஒரு மெட்டோப்ரோலால் போடுகிறேன். மனச்சோர்வுக்காகப் பராக்ஸிடினும் சேர்ந்த இரண்டாவது வாரம், மாடிப்படி ஏறி நின்றதும் கண் இருட்டியது. பிரஷர் மெஷினில் பார்த்தால் நாடி 46. மனநல மருத்துவரிடம் பிரஷர் மாத்திரையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "மனசுக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்" என்று நினைத்துவிட்டேன்.

சம்பந்தம் கல்லீரலில் இருக்கிறது. மெட்டோப்ரோலாலைச் சிதைப்பது சி.ஒய்.பி. 2டி6 என்ற நொதி. பராக்ஸிடின் அதை முடக்கிவிடும். நாம் போடுவது அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். என் நாடி அவ்வளவு இறங்கியது அதனால்தான். மற்ற மனச்சோர்வு மாத்திரைகளில் ஃப்ளுவாக்ஸெடினும் புப்ரோபியானும் இதே வேலையைச் செய்யும். ஃப்ளுவாக்ஸெடினை நிறுத்திய பிறகும் சில வாரம் அதன் விளைவு நீடிக்கும். அட்டெனலால் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போவதால் இந்தச் சிக்கலில் மாட்டாது.

அதனால் எந்த மருத்துவரிடம் போனாலும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். "சின்னதா, வெள்ளையா ஒரு மாத்திரை" என்றால் யாருக்குப் புரியும்?

புது மாத்திரை தொடங்கிய முதல் மாதம் ஒரு நோட்டு வையுங்கள். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பிரஷரும் நாடியும் பாருங்கள். அப்புறம் எழுந்து நின்று, முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மாத்திரை போடுபவர்களுக்கு இப்படி இறங்குவது சகஜம். வென்லாஃபாக்ஸின் என்ற மனச்சோர்வு மாத்திரை நேரெதிர்: அளவு கூடக்கூடப் பிரஷரை ஏற்றும். நாடி 50-க்குக் கீழே போய்த் தலையும் சுற்றினால் அன்றே கூப்பிடுங்கள். மயக்கமே வந்தால் நேராக அவசர சிகிச்சைதான்.

வயதானவர்களுக்கு இன்னொன்று. ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி சிறுநீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரையோடு எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தலைவலி, தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் எல்லாம் வரும். வீட்டில் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். தொடங்கிய சில வாரத்தில் சோடியம் பரிசோதனை வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

பயத்தில் நான் இரண்டையும் நிறுத்தப் பார்த்தேன். நல்லவேளை, முதலில் மருத்துவருக்குப் போன் செய்தேன். மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்டால் இதயம் படபடக்கும், நெஞ்சுவலிகூட வரலாம். பராக்ஸிடினை விட்டாலோ தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கும். அவர் சொன்னபடி படிப்படியாகச் செர்ட்ராலினுக்கு மாறினேன். நோட்டில் கடைசியாக எழுதிய நாடி 62.