தோட்டத்து வீட்டில் மாண்டிசோரி முறை: வயதறிந்து பழக்கும் வழி

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களில் மாண்டிசோரி என்ற பெயர் தாங்கிய மழலையர் பள்ளிகள் பெருகியிருப்பதால், பலரும் அதை விலை உயர்ந்த மரப்பொருள்களோடு நடக்கும் எல்கேஜி வகுப்பு என்றே எண்ணிவிடுகிறார்கள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியது ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்காக. தகுந்த பொருளும் தடையற்ற நேரமும் கிடைத்தால் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். சூழலை ஆயத்தம் செய்வதும், கவனிப்பதும், உரிய நேரத்தில் விலகி நிற்பதும் பெரியவர்களின் வேலை. எந்த வயதில் எதிலிருந்து விலகுவது என்பதைத் தெரிந்துகொண்டால், நம் தோட்டத்துச் சாளை வீட்டிலேயே இம்முறையின் பெரும்பகுதியை நடத்திவிடலாம்.

பிறப்பு முதல் 24 வயது வரையான வளர்ச்சியை அவர் ஆறாறு ஆண்டுகளாக நான்கு பருவங்களாகப் பிரித்தார். முதலாவதும் மூன்றாவதும் உடலும் மனமும் வேகமாக மாறும் பருவங்கள். இரண்டாவதும் நான்காவதும் ஒப்பளவில் நிதானமானவை.

முதல் ஆறு ஆண்டுகளில் குழந்தை சுற்றியுள்ள பேச்சையும் பழக்கத்தையும் முயற்சியின்றியே உள்வாங்கிக்கொள்கிறது. மூன்று வயதுக்குப் பின் அதே வேலையைத் தன் கைகளின் வழியாக, அறிந்தே செய்யத் தொடங்குகிறது. ஆகவே முதலில் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தாழ்வான அலமாரி வையுங்கள். அதில் நான்கைந்து பொருள்களே போதும். ஒவ்வொன்றும் என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இரண்டு வயதுக் குழந்தை, தன் டம்ளர் இடம் மாறியதற்காக அழுவதை நாம் அடம் என்கிறோம். அந்த வயதில் ஒழுங்கின் மீது இயல்பாக எழும் தீவிரமான நாட்டமே அது.

ஊற்றும் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தட்டில் சிறிய சொம்பும் டம்ளரும் வைத்து, முதலில் கம்பு அல்லது ராகியையும், கை பழகிய பின் தண்ணீரையும் ஊற்றக் கொடுங்கள். குழந்தையின் அருகில் அமர்ந்து, பேசாமல், மிக மெதுவாக ஒருமுறை செய்து காட்டுங்கள். பேசினால் அதன் கண் உங்கள் கையை விட்டு முகத்துக்கு வந்துவிடும். சிந்தினால் துடைக்க ஒரு சிறு துணியையும் அதே தட்டில் வையுங்கள். அப்பத்தா அன்பின் மிகுதியால், “கொடு சாமி, நான் ஊத்தறேன்” என்று சொம்பை வாங்கப் போகும்போது, “அவனே ஊத்தட்டுங்க, அத்தை” என்று பணிவாகச் சொல்லத்தான் வேண்டும். என் பார்வையில், நம் கூட்டுக் குடும்பங்களில் இம்முறைக்கு உள்ள மிகக் கடினமான இடம் இதுதான். குழந்தை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது பாராட்டுவதற்காகக்கூடக் குறுக்கிடாதீர்கள்.

புதிய சொற்களை மூன்று படிகளில் கற்பியுங்கள். மஞ்சள் காயும் களத்தில் நீண்ட விரலி, உருண்டையான கிழங்கு என இரண்டு வகையை மட்டும் எடுத்து, “இது விரலி, இது கிழங்கு” என்று தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். அடுத்து, “விரலியை அப்பாருகிட்டக் கொடு கண்ணு, கிழங்கைக் கூடையில் போடு” என்று பலவாறு கேளுங்கள். இதில் தயக்கமின்றித் தேறிய பிறகே, ஒன்றைக் கையில் எடுத்து, “இது என்ன?” என்று கேட்க வேண்டும். தவறினால் திருத்தாமல், மற்றொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக்கும் விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. உப்புத்தாளில் ட, ப, ம என எளிய எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, எழுதும் திசையிலேயே இரு விரல்களால் தடவி ஒலியைச் சொல்லப் பழக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நிலக்கடலை, பயறு போன்றவற்றைக் கொடுக்காதீர்கள்; தொண்டையில் சிக்கும். கிணற்றடியும் பூச்சிமருந்து வைக்கும் இடமும் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும்.

ஆறு வயதுக்குப் பின் குழந்தை காரணம் கேட்கும், நியாயம் பேசும், கூட்டாளிகளோடு திரியும். 1939இல் இந்தியா வந்த மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோதுதான் இப்பருவத்துக்கான கல்வியைத் தம் மகன் மரியோவுடன் சேர்ந்து விரிவாக வகுத்தார். உலகம் முழுவதையும் ஒன்றோடொன்று தொடர்புள்ளதாகக் காட்டுவதே அதன் அடிப்படை. நமக்கு நொய்யல் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் அந்த ஆற்றை வரைபடத்தில் பின்தொடரச் செய்யுங்கள். மழை, மண், பயிர், சாயப்பட்டறை என ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கேள்விக்கு இட்டுச் செல்லும். சாயக்கழிவு ஆற்றில் கலந்தது சரியா என்று பத்து வயதுப் பிள்ளை கோபமாகக் கேட்டால், மழுப்பாமல் உட்கார்ந்து பேசுங்கள். நொய்யலின் குறுக்கே கட்டப்பட்டு, அந்தச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைக்கு அழைத்துச் செல்லவும் செய்யலாம். பயணத் திட்டத்தையும் கேட்க வேண்டிய கேள்விகளையும் பிள்ளைகளே எழுதட்டும்.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வரையான பருவத்துக்கு மாண்டிசோரி பரிந்துரைத்தது ஒரு பண்ணையை. வளரிளம் பருவத்தினர் நிலத்தில் உழைத்து, விளைந்ததை விற்று, கணக்கு வைத்து, சமூகத்தில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அனுபவத்தில் உணர வேண்டும் என்றார். நாமோ சொந்தத் தோட்டம் இருந்தும், மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகளை விடுதிப் பள்ளியில் அடைத்து, அறுவடைக்குக்கூட வர விடுவதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விடுமுறையிலாவது இரண்டு பாத்தியை முழுப் பொறுப்போடு ஒப்படையுங்கள். விதை வாங்குவது முதல் உழவர் சந்தையில் விற்பது வரை அவர்களே முடிவெடுக்கட்டும். செலவு, வரவு, தண்ணீர் விட்ட நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நட்டம் வந்தால் உங்கள் பணத்தால் ஈடுகட்டாமல், அந்த நோட்டைத் திறந்து எங்கே பிசகியது என்று அவர்களையே கண்டுபிடிக்க விடுங்கள்.