உறுப்பினர்களுக்கு மட்டுமான துப்பாக்கி ரேஞ்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே, பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கும் கிளப் ரேஞ்சுகளில் பெரும்பாலான நேரம் கண்காணிக்க யாரும் இருப்பதில்லை. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் உள்ளரங்கு ரேஞ்சில் ரேஞ்ச் ஆபீசர் முதுகுக்குப் பின்னால் நிற்பார், தப்பு நடந்தால் உடனே தடுப்பார். கிளப்புக்கு வார நாளில் காலையில் போனால் நீங்கள் ஒருவர், பக்கத்து பெஞ்சில் முன்பின் தெரியாத இன்னொருவர், அவ்வளவுதான். கேட் சாவி கைக்கு வந்த அன்றே அந்த ஆபீசரின் வேலையும் உங்கள் தலையில் ஏறிவிடுகிறது. கீழே வரும் தவறுகளில் பலவும் இதை மறப்பதால் நேர்பவை.

விசாவைப் பார்க்காமல் போவது

நம்மவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். நண்பரின் ரைஃபிளை ரேஞ்சில் பத்து நிமிஷம் வாங்கிச் சுடுவதும் இதில் அடங்கும். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. குடிவரவுச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தவும் காரணமாகும்.

விதிவிலக்கு உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் மத்தியச் சட்டத்தின் இந்தத் தடை பொருந்தாது. ஆனால் மாநிலச் சட்டம் தனி, அதையும் பார்க்க வேண்டும். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் வந்துவிட்டது என்பதால் எதுவும் மாறிவிடாது. கிரீன் கார்டு உள்ள உறுப்பினர் வார இறுதியில் ஆபீஸ் நண்பரை விருந்தாளியாக அழைத்துப் போகும்போதுதான் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருகிறது. கூப்பிடும் முன் அவருடைய விசா என்னவென்று கேளுங்கள், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடிவரவு வக்கீலிடம் கேட்ட பிறகு போகலாம்.

பணம் கட்டினால் போதும் என்று நினைப்பது

பல கிளப்புகளில் பழைய உறுப்பினர் ஒருவரோ இருவரோ பரிந்துரைக்க வேண்டும், மாதக் கூட்டத்தில் முகம் காட்ட வேண்டும், பாதுகாப்பு ஓரியன்டேஷன் முடிக்க வேண்டும். சில இடங்களில் என்.ஆர்.ஏ. என்ற தேசிய ரைஃபிள் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதும் கட்டாயம். காத்திருப்புப் பட்டியலும் இருக்கும். சேர்ந்த பிறகு புல் வெட்ட, டார்கெட் ஸ்டாண்டு செய்ய, மண்மேட்டைச் சரிசெய்ய என்று ஆண்டுக்குச் சில மணி நேர உழைப்பைக் கேட்பார்கள். அதைத் தட்டிக்கழித்தால் அடுத்த ஆண்டு கட்டணம் ஏறும், அல்லது உறுப்பினர் நிலையே போகும். கேட் எண்ணை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல் உள்ளே போவதும் வெளியேற்றும் அளவுக்குப் பெரிய தவறுகள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

வீட்டிலிருந்து கிளப் போகும் வழியையும் யோசியுங்கள். தமிழர்கள் நிறைய வசிக்கும் நியூ ஜெர்சியில், தோட்டா நீக்கிய துப்பாக்கி மூடிக் கட்டிய பெட்டியிலோ பூட்டிய டிக்கியிலோதான் இருக்க வேண்டும். அவசியமில்லாமல் வழி மாறக் கூடாது. ரேஞ்ச் முடிந்து அப்படியே மால் போகலாம் என்ற திட்டம் அங்கே சட்டத்தை மீறுவது.

டார்கெட்டைக் கண்ட இடத்தில் நடுவது

வெளி ரேஞ்சில் ஒவ்வொரு குண்டும் பின்னால் இருக்கும் மண்மேட்டில் போய்ப் புதைய வேண்டும். புதியவர் டார்கெட்டில் படுகிறதா என்று மட்டும் பார்க்கிறார், காகிதத்தைத் துளைத்த பிறகு குண்டு எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெஞ்சில் குழல் 40 அங்குல உயரத்தில் இருக்கிறது. 25 கெஜத்தில் 24 அங்குல உயரத்தில் டார்கெட்டை நட்டால், குண்டு 25 கெஜத்துக்கு 16 அங்குலம் வீதம் இறங்குகிறது. தரை சமமாக இருந்தால் சுமார் 62 கெஜத்தில் தரையைத் தொடும். மண்மேடு 100 கெஜத்தில் இருந்தால், அந்தக் குண்டு கல்லிலோ இறுகிய மண்ணிலோ பட்டு எகிறி மேட்டைத் தாண்டிப் போக வாய்ப்புண்டு. சாதாரண .22 குண்டே ஒன்றரை மைல் வரை போகக்கூடியது. வேலிக்கு வெளியே ஒரு வீட்டுச் சுவரில் ஒரு குண்டு பட்டால் போதும், கிளப்பையே மூட வைத்துவிடுவார்கள்.

ஆகவே டார்கெட்டை நட்டபின் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, குழல், டார்கெட், மண்மேட்டின் நடுப்பகுதி மூன்றும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் லேனுக்கு நேராகவே சுடுங்கள், குறுக்கே சுடக் கூடாது.

புது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) மாட்டியதும் 100 கெஜத்தில் தொடங்குவது இன்னொரு தவறு. போல்ட் ரைஃபிள் என்றால், குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, குழல் வழியாக டார்கெட்டைப் பார்த்து, ஸ்கோப்பும் அதே இடத்தைக் காட்டும்படி திருகுங்கள். பிறகு 25 கெஜத்தில் பெரிய காகிதம் வைத்துத் தொடங்கலாம். ஏஆர்-15 வகை ரைஃபிளில் ஸ்கோப்பின் பார்வைக் கோடு குழலுக்கு இரண்டரை அங்குலம் மேலே இருக்கும். ஸ்கோப்பில் வழி தெளிவாகத் தெரியும், குழலுக்கு நேரே பெஞ்சின் விளிம்போ, குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபோ இருக்கும். குரோனோகிராஃபைச் சுட்டுத் துளைப்பது எல்லா ரேஞ்சிலும் நடக்கிற சங்கதி. சுடும் முன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, குழலுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள்.

'கோல்ட்' சொன்ன பிறகு துப்பாக்கியைத் தொடுவது

டார்கெட் மாற்ற முன்னே நடக்க வேண்டுமென்றால் ரேஞ்ச் 'கோல்ட்' ஆக வேண்டும், அதாவது யாரும் சுடாத நிலை. மேகசினை (தோட்டா அடைக்கும் பெட்டி) கழற்றுங்கள், போல்ட்டைத் திறந்து வையுங்கள், தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தடவுங்கள், அது காலி என்று காட்டும் சேம்பர் ஃபிளாக் செருகுங்கள், துப்பாக்கியைக் கீழே வைத்துக் கோட்டுக்குப் பின்னால் வாருங்கள். பக்கத்தில் இருப்பவரும் இதையெல்லாம் முடித்தாரா என்று உரக்கக் கேட்டு, பதில் வந்த பிறகே நடக்க வேண்டும். அவர் காதடைப்பு போட்டிருப்பார், தலையசைப்பைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆட்கள் முன்னால் இருக்கும்போது ஸ்கோப் திருகை முறுக்குவது, துடைப்பது, பெட்டியில் எடுத்து வைப்பது எதுவும் கூடாது. துப்பாக்கி காலி என்பது உங்களுக்குத் தெரியும், டார்கெட் அருகே நிற்பவருக்குத் தெரியாது. பல கிளப்புகளில் இந்த ஒரு தவறுக்கே நேரடியாக வெளியேற்றம்தான். மீண்டும் 'ஹாட்' (சுடலாம் என்ற நிலை) ஆக்கும் முன் போனவர்கள் எல்லாரும் திரும்பினார்களா என்று தலை எண்ணுங்கள். 'சீஸ் ஃபயர்' என்று யார் கத்தினாலும், அவர் முதல்முறை வந்த விருந்தாளியாக இருந்தாலும், உடனே நிறுத்த வேண்டும்.

தோட்டாக்களைக் கலப்பது

.300 பிளாக்அவுட் தோட்டாவுக்கும் 5.56 தோட்டாவுக்கும் ஒரே மேகசின், ஒரே போல்ட். சில .300 தோட்டாக்கள் 5.56 சேம்பரில் நுழைந்தும் விடும். டிரிகரை இழுத்தால் 7.8 மி.மீ. குண்டு அதைவிடச் சிறிய குழலில் போய் அடைக்கும், ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். இரண்டும் இருந்தால் ஒரே நாளில் ஒரே பெஞ்சுக்குக் கொண்டுவராதீர்கள். ஷாட்கன்னிலும் இதே ஆபத்து இருக்கிறது. கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறியது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலில் வழுக்கிப் போய் நடுவில் நிற்கும், பின்னால் 12 கேஜ் போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். அடையாளம் தெரியத்தான் 20 கேஜுக்கு மஞ்சள் நிறம்.

டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை மேட்டை நோக்கியே 30 விநாடி வைத்திருந்து, பிறகு திறங்கள். 'டப்' என்று மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.

இரும்பு டார்கெட் உள்ள கிளப்பில் பச்சை முனை எம்855 தோட்டாவுக்குப் பெரும்பாலும் தடை. உள்ளே எஃகு முனை இருப்பதால் தகடு குழிவிழும், குழி விழுந்த தகடு சிதறலைச் சுட்டவர் பக்கமே திருப்பும். காய்ந்த புல்லில் தீப்பொறி விழும் ஆபத்தும் உண்டு. இரும்பை ரைஃபிளால் 100 கெஜத்துக்குக் குறைவாகவும் பிஸ்டலால் 10 கெஜத்துக்குக் குறைவாகவும் சுடாதீர்கள். கண்ணாடி இல்லாமல் எந்தத் தூரத்திலும் வேண்டாம்.

காதுக்குள் நுரை பிளக், மேலே காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். கூரை உள்ள ஷெட்டில் பக்கத்தவர் மசில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது, சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளும்) வைத்திருந்தால் ஒன்று மட்டும் போதாது. கடைசியாக ஈயம். குண்டிலும், தோட்டாவைப் பற்ற வைக்கும் பிரைமரின் புகையிலும் அது இருக்கிறது. பெஞ்சில் சாப்பிடாதீர்கள், சுட்ட தோட்டாக்களின் காலி கூடுகளைத் தொப்பியில் பொறுக்காதீர்கள். குளிர்ந்த நீரும் சோப்பும் போட்டுக் கை, முகம் கழுவுங்கள். ரேஞ்ச் செருப்பு வீட்டுக்குள் வர வேண்டாம், சட்டையைத் தனியாகத் துவையுங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டிய அளவு என்று 2021-இல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வரையறுத்தது. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் உடை மாற்றிய பிறகே தூக்குங்கள்.