பிடிக்காத சண்டை ஏன் நிக்குதில்லை எண்டு பெடியளுக்கு விளங்கப்படுத்துறது எப்பிடி

விசுவமடுப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில சனிக்கிழமை பின்னேரங்களில ஏ.எல். படிக்கிற பெடியள் பெட்டையளோட இருந்து கதைக்கிறனான், வகுப்பு எண்டு சொல்லேலாது, பிளேன்ரீயும் பணிசும் இருக்கிறதால வருகினம் எண்டுதான் நினைக்கிறன். ஒருநாள் ஒரு பிள்ளை கேட்டுது, "சேர், சனத்துக்கே பிடிக்கேல்லை எண்டா ஏன் நிப்பாட்டாம விட்டவை?" நான் முக்கால் மணித்தியாலம் லெக்சர் அடிச்சன், ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அதுக்குப் பிறகு கண்டுபிடிச்ச வழிதான் இது, நாலைஞ்சு தரம் செய்து பாத்திட்டன், உங்கட இடத்தில செய்ய விருப்பமெண்டா செய்யுங்கோ.

எங்கட சண்டையில தொடங்காதேங்கோ. ஒரு வாங்கில இருக்கிற ரெண்டு பிள்ளையில ஒண்டின்ர மாமா புலிகள் இயக்கத்துக்குத் தானா விரும்பிப் போனவர், மற்றதின்ர அக்காவைப் பிடிச்சுக்கொண்டு போனது, ரெண்டும் வாயைத் திறக்காதுகள். அமெரிக்கா வியட்நாமில பிடிச்ச சண்டையில தொடங்குங்கோ. தூரத்துச் சண்டையெண்டா தாராளமாக் கதைப்பினம், பேந்து அவையே இஞ்ச வந்து சேருவினம்.

ஒரு பால்மாப் பேணியும் கொஞ்சம் கடதாசியும் காணும். எல்லாரும் பிறந்த மாசத்தையும் திகதியையும் எழுதிச் சுருட்டிப் பேணிக்குள்ள போடட்டும். 1969 டிசம்பர் 1 இரவு ஆமிக்கு ஆள் எடுக்க அமெரிக்காவில செய்தது இதேதான், 366 திகதியை நீலக் கூடுகளுக்குள்ள வைச்சு ஒரு கண்ணாடிச் சாடியில போட்டு, டிவியில காட்டிக் காட்டி எடுத்தவை. முதல் வந்தது செப்டெம்பர் 14. 1944க்கும் 1950க்கும் இடையில அந்தத் திகதியில பிறந்த பெடியள் எல்லாருக்கும் முதல் இலக்கம், ஆமிக்குக் கூப்பிட்டா முதல் போறது அவங்கள். பேணியை வடிவாக் குலுக்குங்கோ, ஏனெண்டா அவை வடிவாக் குலுக்கேல்லை, மாச ஒழுங்கில கொட்டிப்போட்டு அரைகுறையாக் கிண்டினதால வருசக் கடைசியில பிறந்தவங்களுக்குத்தான் கூடுதலா விழுந்தது. கணக்குப் படிக்கிற பெடியளுக்கு இதைச் சொன்னா அதிலயே நிண்டு வாதாடுவினம், விடுங்கோ.

ஆனா சீட்டு எடுக்க முதல் ஒரு வேலை இருக்கு. நாலு பேருக்கு மட்டும் ஒரு துண்டு குடுங்கோ: "கம்பஸ் படிக்கிறார், இப்ப போகத் தேவையில்லை", "டொக்டரின்ர கடிதம் இருக்கு" இப்பிடி. பேந்து சீட்டை எடுத்து, விழுந்தவரை எழும்பி நிக்கச் சொல்லுங்கோ, துண்டு வைச்சிருக்கிறவர் இருக்கலாம். எல்லாம் முடிய ஒரே ஒரு கேள்வி: இந்த அறையில ஆற்ற அப்பா மந்திரியோட போன்ல கதைக்கக் கூடியவர், அவற்ற பிள்ளை நிக்குதா இருக்குதா? கொஞ்சநேரம் சத்தமே வராது, அவசரப்பட்டு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அதுக்குப் பிறகு கலியாணக் கதையைச் சொல்லலாம். 1965 ஓகஸ்ட் 26க்குப் பிறகு கலியாணம் கட்டினவை பிள்ளை இல்லாட்டித் தனி ஆளாத்தான் கணக்கு, ஆமிக்குக் கூப்பிடலாம் எண்டு ஜனாதிபதி ஜோன்சன் உத்தரவு போட, அண்டு ராத்திரி 12 மணிக்கு முதல் தாலி, சரி அவைக்கு மோதிரம், மாத்தவெண்டு சோடி சோடியா லாஸ் வேகாசுக்கு ஓடினவை. இதைக் கேட்ட உடன போன வருசம் ஒரு பெட்டை, "எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சேர், பதினேழு வயசில கட்டிவைச்சவையாம்" எண்டாள். 2006க்குப் பிறகு வீட்டுக்கு ஒராள் தரவேணும் எண்டு இயக்கம் கேட்ட நேரம் வன்னியில எத்தினை கலியாணம் அவசரத்தில நடந்தது எண்டு எங்கட வயசுக்காரருக்குத் தெரியும். நான் அந்த இடத்தைத் தேடிப் போகேல்லை, அவளே கொண்டந்து வைச்சாள்.

ஒரு எச்சரிக்கை, இது நான் விட்ட பிழை. முதல் தரம் செய்யேக்க பேப்பர் வாசிக்க வந்த ஒரு அம்மம்மா பின்னுக்கு இருந்தவ, மூண்டாவது சீட்டை நான் வாசிக்க எழும்பிப் போட்டா, குடையையும் விட்டிட்டு. இப்ப முதலே பெரியாக்களுக்கு என்ன செய்யப்போறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் தொடங்கிறது, 2009ல எங்கட சண்டை முடிஞ்சது மே மாசத்தில, அந்த மாசத்தில செய்யிறதே இல்லை.

சரி, ஆர் போறது எண்டது விளங்கிட்டுது, ஏன் நிப்பாட்டேலாது எண்டது மிச்சம். இதுக்குக் குழாய்க்கிணறு காணும். அடிக்கு இவ்வளவு எண்டு காசு, 120 அடி போயாச்சு தண்ணி இல்லை, நிப்பாட்டுவீங்களோ? ஒருத்தரும் மாட்டினம், இன்னும் இருபது அடி எண்டுவினம், போட்ட காசு வீணாப் போகுமே. மிசின்காரனைக் கேட்டா அவனும் போவம் எண்டுதான் சொல்லுவான், அவனுக்கு அடிக்குக் காசு. இப்ப காசுக்குப் பதிலாச் செத்த பிள்ளையளை வையுங்கோ, நிப்பாட்டுறதெண்டா அந்தத் தாய்மாருக்கு என்ன சொல்லுறது? அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சில இருந்த ஜோன் மெக்நோட்டன் 1965 மார்ச்சில எழுதின குறிப்பில தாங்கள் நிக்கிற காரணத்தைப் பங்கு பிரிச்சிருக்கிறார், நூறில எழுபது பங்கு தோல்வி அவமானத்தைத் தவிர்க்கவாம், அந்த நாட்டுச் சனத்தின்ர நல்வாழ்வுக்குப் பத்துப் பங்கு. இதைப் போர்ட்டில எழுதிவிடுங்கோ, விளக்கம் தேவையில்லை.

பேந்து காலக்கணக்கு. 1968 ஓகஸ்டில கருத்துக்கணிப்பில பாதிக்கு மேல சனம் ஆமி அனுப்பினது பிழை எண்டிட்டுது, ஆமி முழுக்க வெளிக்கிட்டது 1973 மார்ச்சில. அந்த இடையில பாரிஸ்ல பேச்சுவார்த்தை மேசை என்ன வடிவத்தில இருக்கவேணும் எண்டே கிழமைக்கணக்கில இழுபட்டவை. செத்த 58,000 சொச்சம் அமெரிக்கரில 20,000க்கு மேல, சண்டையை முடிக்கிறன் எண்டு வந்த ஜனாதிபதி நிக்சன்ர காலத்தில செத்தவை, வியட்நாம் சனத்தின்ர கணக்கு லட்சக்கணக்கில. தொடங்கின ஆளால நிப்பாட்டேலாது, ஆள் மாறவேணும் எண்டதுக்கு இந்தியன் ஆமியும் நல்ல உதாரணம், 1987ல ராஜீவ் அனுப்பினது, அங்க வி.பி.சிங் வந்து 1990 மார்ச்சிலதான் கடைசிக் கப்பல் போனது. ஆனா ஆள் மாறினாலும் நிக்சனுக்கு நாலு வருசம் போனது எண்டதையும் சொல்லுங்கோ, இல்லாட்டி தேர்தல் வந்தாச் சரி எண்டு எழுதிப்போட்டுப் போடுவினம்.

இந்த இடத்தில ஒரு புத்திசாலி கட்டாயம் கேப்பான், "அப்ப கட்டாய ஆள்சேர்ப்பு இருந்தாத்தானே வீட்டுக்காரர் கத்துவினம், சண்டை கெதியா முடியும்?" ஓம் இல்லை எண்டு சொல்லாதேங்கோ. 1973ல அமெரிக்கா கட்டாயத்தை நிப்பாட்டினது, சம்பள ஆமியோட ஆப்கானிஸ்தானில 2001 தொடக்கம் 2021 வரை இருபது வருசம் நிண்டவை, ஊர்வலங்கள் அவ்வளவு பெரிசா இல்லை. மற்றப் பக்கம், கட்டாய ஆமியை வைச்சுக்கொண்டு போர்த்துக்கல் ஆபிரிக்காவில 1961 தொடக்கம் 1974 வரை சண்டை பிடிச்சது, கடைசியில அங்க அரசாங்கத்தைக் கவிட்டது ஆமி ஒபிசர்மாரே. இஞ்ச அரசாங்க ஆமியில கட்டாயம் இல்லை, தெற்கில வறிய கிராமத்துப் பெடியள் சம்பளத்துக்கு வந்தவங்கள், அதையும் சொல்லவேணும், சில பேருக்குப் பிடிக்காட்டிலும். என்ர எண்ணத்தைக் கேட்டா, பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போய்த்தான் அப்பனைக் கத்தவைக்கோணும் எண்ட வழி எனக்கு வேண்டாம், ஆனா நான் இதை அவை கேட்டாத்தான் சொல்லுறனான்.

முடிய, வீட்டில போய் அம்மாட்டக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ எண்டு மட்டும் வேலை குடுக்காதேங்கோ. கேக்கிறவை தாங்களாக் கேப்பினம், அம்மா தேங்காய் துருவேக்க ஏதாவது சொல்லுவா, அந்த நேரம் போனை ரெக்கோட்ல போடாம இருந்தாக் காணும்.