முதுகு அறுவைக்குப் பின் ஆட்டம்: விடிகாலை வேண்டாம்

நாட்பட்ட முதுகுவலிக்காக வட்டு (முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ‘டிஸ்க்’) அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவரின் அனுமதியுடன் மீண்டும் கிரிக்கெட்டோ இறகுப்பந்தோ ஆடத் தொடங்குபவர்கள், முதல் சில மாதங்களுக்குப் பயிற்சியை மாலையில் வைத்துக்கொள்வது நல்லது. காலையில்தான் இயலும் என்றால், எழுந்து ஒரு மணி நேரமாவது நடமாடிய பிறகே குனிந்து ஆடலாம். இரவில் படுத்திருக்கையில் முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் புடைத்துவிடுவதால் (காலையில் நம் உயரம் சற்றுக் கூடியிருப்பதும் இதனால்தான்), அப்போது குனிந்தால் அவற்றின் மீது விழும் அழுத்தம் மிகுதி. பகலில் குறையும் உயரத்தில் ஏறத்தாழப் பாதி, எழுந்த முதல் மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. ஷூ கயிறு கட்டக் குனிவதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

திருகாணி வைத்து எலும்புகளை இணைத்தவர்களுக்கு இது மட்டும் போதாது. எலும்பு கூடிவிட்டதை மருத்துவர் படம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். காலில் மரத்துப்போதலோ பலக்குறைவோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கலோ தோன்றினால், நேரத்தை மாற்றிப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.