ஷிப்டுக்கு வருபவர் போதையில் இருந்தால்: மேற்பார்வையாளருக்கு ஒரு வழிகாட்டி

காலை ஆறு மணி ஷிப்டுக்கு வந்த பிரஸ் (அழுத்து இயந்திரம்) ஆபரேட்டரிடம் மது வாடை அடிக்கிறது. கேட்டால், இரவு பதினொரு மணியோடு நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். 42.8 சதவீத ஆல்கஹால் கொண்ட 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. உடல் அதை மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும் என்பதால், ஒரு குவார்ட்டர் முழுவதும் நீங்க ஆறு முதல் எட்டரை மணி நேரம் ஆகும். ஆஃப் (அரை பாட்டில்) குடித்தவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் வேண்டும். குளியலோ மோரோ காபியோ இதை விரைவுபடுத்துவதில்லை. வேலை நேரத்தில் ஒளிந்து குடிப்பவரையே தேடிக்கொண்டிருக்கும் நிர்வாகம், இரவுக் குடியின் மிச்சத்தோடு வந்து இயந்திரத்தின் முன் நிற்பவரைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை.

ஆகவே ஒருவர் குடித்திருக்கிறாரா என்று துப்பறிவது மேற்பார்வையாளரின் வேலையன்று. இந்த நேரத்தில், இந்த வேலையைச் செய்யத் தக்க நிலையில் தொழிலாளி இருக்கிறாரா என்பதை மட்டும் அவர் தீர்மானித்தால் போதும். இப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிய நீரிழிவு நோயாளியும் வியர்த்து, நாக்குழறி, தள்ளாடுவார். சர்க்கரை மிகவும் ஏறியவரின் மூச்சில் வரும் பழவாடையைச் சாராய வாடை என்று எண்ணியவர்கள் உண்டு. தலையில் அடிபட்டவரும் பக்கவாதம் தொடங்கியவரும் குடிகாரரைப் போலவே தோன்றுவார்கள். முதலுதவி அறையில் குளுக்கோமீட்டர் இருந்தால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, முகம் ஒரு பக்கம் கோணியிருந்தாலோ விசாரணையை விட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள்.

ஒருநாள் அறிகுறியைவிடப் பல வாரங்களில் தெரியும் மாற்றமே நம்பத்தக்கது. சனிக்கிழமை வாரச்சம்பளம் வாங்கியவர் திங்கட்கிழமை தொடர்ந்து வராமலிருப்பது, சக தொழிலாளர்களிடம் ஓயாமல் கைமாற்று கேட்பது, காலையில் நடுங்கும் கை இடைவேளையில் வெளியே போய்வந்ததும் நின்றுவிடுவது, அவருக்காக வேறொருவர் வருகை பதிவது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கஞ்சா புகைத்தவரின் கண் சிவந்து கவனம் மந்தமாகலாம். வலிநிவாரணி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்துபவர் உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்து கண்மணி சுருங்கிக் காணப்படலாம். இவற்றில் எது ஒன்றும் தனியாக நிரூபணம் ஆகாது.

சந்தேகம் எழுந்தவுடன் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, இன்னொரு பொறுப்பாளரையும் உடன் வைத்துக்கொண்டு, அவரைத் தனி அறைக்கு அழைத்துச் செல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முன் "ஊதிக் காட்டுய்யா" என்று கேட்பது, பிறகு எடுக்கும் நடவடிக்கை அனைத்தையும் கெடுத்துவிடும். "அண்ணே, இன்னைக்கு நீங்க பிரஸ்ல நிக்கிற நிலைமையில இல்லன்னு எனக்குத் தோணுது, உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டால் பெரும்பாலும் பேச்சு அமைதியாகவே போகும். மறுத்தால் வாதாட வேண்டாம். அவர் நிலை தெளியும் வரை இயந்திரத்தில் நிற்கக்கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள்.

பிறகு, கண்டதை உடனே எழுதுங்கள். "போதையில் இருந்தார்" என்பது முடிவு, "6.10 மணிக்கு நடக்கும்போது இருமுறை சுவரைப் பிடித்தார், கேட்டதைத் திரும்பச் சொல்ல இயலவில்லை" என்பதே சாட்சியம். இந்த வேறுபாடு வெறும் சொல் அலங்காரம் அன்று: மது வாடை, தள்ளாட்டம், குழறல் ஆகியவை மட்டுமே ஒருவர் குடித்திருந்தார் என்பதை நிறுவப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-இல் ஒரு வாகன விபத்து வழக்கில் கூறியிருக்கிறது. மூச்சுச் சோதனைக் கருவி வைத்திருந்தால், அதைப் பயன்படுத்தும் விதி முன்கூட்டியே தமிழில் எழுதப்பட்டு, தொழிலாளர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாய் கொப்பளிக்கும் மருந்தும் சில இருமல் மருந்துகளும் அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால் 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற வரம்பு வாகன ஓட்டிகளுக்கானது. பிரஸ்ஸுக்கும் கிரேனுக்கும் எது வரம்பு என்பதை உங்கள் விதியில் தனியாகக் குறிப்பிடுங்கள். சிறுநீரில் கஞ்சாவின் தடயம் வாரக்கணக்கில் நீடிக்கக்கூடும்; ஆகவே அந்தச் சோதனை இன்றைய நிலையைக் காட்டுவதாகக் கொள்ளக்கூடாது.

அதிகம் தவறு நடக்கும் இடம், அவரை வீட்டுக்கு அனுப்புவதுதான். இயந்திரத்தை ஓட்டத் தகுதியற்றவர் என்று தீர்மானித்தவரையே அவருடைய பைக்கில் ஏற்றி அனுப்பும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். சாவியை வாங்கி வைத்து, வீட்டாருக்குச் சொல்லி, ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். படுத்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். போதையில் நேர்ந்த விபத்துக்கு இழப்பீடு கிடையாதே என்று அலட்சியமாக இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இழப்பீட்டுச் சட்டம் தரும் அந்த விலக்கு, மரணத்துக்கும் நிரந்தர முழு இயலாமைக்கும் பொருந்தாது.

மறுநாள் அவர் தெளிந்து வந்தபின் பேசுங்கள். முதல் முறையென்றால் எழுத்துபூர்வ எச்சரிக்கையும் சிகிச்சைக்கான வாய்ப்பும் போதும் என்பது என் கருத்து. பணிநீக்கம் வரை போவதானால் குற்றச்சாட்டுக் கடிதம், விளக்கம், உள்விசாரணை என்ற வரிசையைத் தாண்டக்கூடாது. "நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது" என்று மட்டும் மிரட்டாதீர்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதைத் தொடர்ந்து மனக்குழப்பமும் உயிராபத்தும் நேரலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் அவர் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவை அணுகலாம். சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற தனி போதை மீட்பு மையங்களும், 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

சிகிச்சை முடிந்து திரும்புபவரை முதல் சில மாதங்கள் பிரஸ்ஸிலோ உயரமான இடத்திலோ நிறுத்தாமல், பகல் ஷிப்டில் வேறு வேலை கொடுங்கள்; மாதம் ஒருமுறை சிகிச்சை மையத்துக்குச் செல்ல ஊதியத்துடன் அரைநாள் விடுப்பு தருவதாக அவருடன் செய்யும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எங்கே போயிருந்தார் என்று கேட்கும் சக தொழிலாளர்களுக்கு மேற்பார்வையாளர் சொல்லும் பதில் "மருத்துவ விடுப்பு" என்பதோடு முடிந்துவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் நிர்வாகமே விருந்தில் பாட்டில் வாங்கித் தரும் வழக்கம் உங்கள் தொழிற்கூடத்தில் இருந்தால், அவர் திரும்பி வருவதற்குள் அதை நிறுத்திவிடுங்கள்.