கப்பல் சுற்றுலா இன்சூரன்ஸ்: டெல்டாப் பக்கம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு நின்றதும், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகள் அப்பா அம்மாவை வரவழைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவது காவிரிப் படுகையில் இப்போது சகஜமாகிவிட்டது. கூத்தாநல்லூர், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகூர் என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. ஒரு காலத்தில் ரஜூலா என்ற கப்பலும் அப்புறம் எம்.வி. சிதம்பரம் என்ற கப்பலும் நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அன்றைக்குக் கப்பல் பிழைப்புக்குப் போகும் வழி. இன்றைக்கு அதே பினாங்குக்குச் சிங்கப்பூரில் கப்பல் ஏறி மூன்று, நான்கு ராத்திரி உல்லாசமாகப் போய்வருகிறார்கள். வயலையும் வீட்டையும் விட்டு நகராத மனிதர்கள் கடலைப் பார்த்துவிட்டு வருவது எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

கும்பகோணத்தில் டிக்கெட், விசா, இன்சூரன்ஸ் மூன்றையும் ஒரே மேஜையில் பார்ப்பவன் நான். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளும், செல்போனிலேயே பாலிசி எடுத்துவிடும் பிள்ளைகளும், நாங்களெல்லாம் ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். பாஸ்போர்ட் எண்ணைத் தப்பாக அடிப்பது, பிறந்த தேதியை மாற்றிப் போடுவது போன்றவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவை கண்ணில் படும், திருத்திவிடலாம். கண்ணில் படாதவைதான் பணத்தைத் தின்கின்றன.

வீட்டு ஹெல்த் பாலிசியை நம்பிக் கிளம்புவது

"குடும்பத்துக்கே அஞ்சு லட்சத்துக்கு இருக்கே சார், இது எதுக்குத் தனியா?" என்பார்கள். அந்த அஞ்சு லட்சம் பெரும்பாலான பாலிசிகளில் இந்தியாவுக்குள் நடக்கும் சிகிச்சைக்கு மட்டும்தான். இந்தியாவை விட்டுக் கிளம்பியதும் அது பெட்டிக்குள் இருக்கும் காகிதம்.

கப்பலிலும் ஆஸ்பத்திரி உண்டு. டாக்டர், நர்ஸ், இசிஜி, எக்ஸ்ரே, அவசரப் படுக்கை எல்லாம் இருக்கும். ஆனால் அது தனியார் ஆஸ்பத்திரிக் கட்டணம், அதுவும் டாலரில். நம்ம ஊர் போல இன்சூரன்ஸ் கார்டை நீட்டினால் கேஷ்லெஸ் நடக்காது. பில் நேராக உங்கள் அறைக் கணக்கில் ஏறி, கப்பல் ஏறும்போது பதிந்த கிரெடிட் கார்டில் கழியும். பணத்தைக் கட்டிவிட்டு ஊருக்கு வந்துதான் கிளெய்ம் போட வேண்டும். அதனால் பாலிசியோடு கூட, போதுமான வரம்புள்ள கார்டு ஒன்றும் கையில் இருக்கட்டும்.

பெரிய வியாதிக்குக் கப்பலில் வைத்தியம் பார்க்க மாட்டார்கள். நிலைப்படுத்தி, அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அதுவரை தாங்காது என்றால் ஹெலிகாப்டர். அந்தச் செலவு சில ஆயிரம் டாலரில் நிற்காது, பல பத்தாயிரத்துக்குப் போகும். ஆகவே பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது அவசர மருத்துவ வெளியேற்றத்துக்கு எவ்வளவு என்பது. பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பல பாலிசிகளில் அறை வாடகை, டாக்டர் கட்டணம், அறுவை சிகிச்சை என்று தனித்தனி உள்வரம்பு இருக்கும். முகப்பில் ஐம்பதாயிரம் டாலர் என்று போட்டிருந்தாலும் அந்த உள்வரம்புக்கு மேல் ஒரு டாலர் வராது.

சர்க்கரைக்கு 'இல்லை' என்று போடுவது

எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

மன்னார்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர். மகள் சிங்கப்பூரில். சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் கப்பலுக்கு மகளே டிக்கெட் போட்டு, மகளே இணையத்தில் பாலிசியும் எடுத்துவிட்டார். விமான டிக்கெட் மட்டும் என்னிடம். பேச்சோடு பேச்சாக, "அப்பாவுக்கு ஏதும் உடம்புக்கு உண்டாம்மா?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்லண்ணே. சுகர் மாத்திரை மட்டும்தான் போடுறாங்க" என்றார். பாலிசியில் அதைப் போட்டீர்களா என்று கேட்டதற்கு, பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரி, சாப்பிட்டு வந்து படுத்தவருக்கு நெஞ்சு இறுக்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. கப்பல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இசிஜி எடுத்துக்கொண்டே நர்ஸ் கேட்டிருக்கிறார்: என்னென்ன மாத்திரை, எத்தனை வருஷமாக? ஆசிரியர் அல்லவா, வரிசையாகச் சொல்லிவிட்டார். சர்க்கரை பன்னிரண்டு வருஷம், காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மின். பிரஷர் எட்டு வருஷம், டெல்மிசார்ட்டன். அத்தனையும் அந்த அறிக்கையில் ஏறியது. விடிந்ததும் பினாங்கில் இறக்கி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஸ்டென்ட். ஆள் பிழைத்துவிட்டார்.

கிளெய்ம் போட்டதும் கம்பெனி முதலில் கேட்டது கப்பல் டாக்டரின் அறிக்கையை. அதில் பன்னிரண்டு வருஷச் சர்க்கரை. பாலிசி அட்டவணையில், அதாவது நாம் கொடுத்த விவரங்கள் அச்சாகி வரும் பக்கத்தில், 'முன்பே உள்ள நோய்: இல்லை'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது. மறுப்புக் கடிதம் நாலே வரி. கப்பல் பில், ஆம்புலன்ஸ், ஸ்டென்ட், கூட இருந்த அம்மாவின் தங்கும் செலவு, மாற்றிப் போட்ட விமான டிக்கெட் எல்லாம் மகள் தலையில்.

ஊருக்கு வந்த பிறகு என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அவர் கேட்டார்: "நான் அந்த நர்ஸ்கிட்ட மறைச்சிருக்கணுமா தம்பி?" இல்லை சார். அங்கே சொன்னதால்தான் சரியான வைத்தியம் நடந்தது. சொல்லாமல் விட்டது பாலிசிப் படிவத்தில்.

யாரும் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்வதில்லை. நம்ம பக்கம் சர்க்கரையையும் பிரஷரையும் நோய்க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வயதானால் வருவது, மாத்திரை போட்டால் போச்சு என்று இருந்துவிடுகிறோம். படிவத்தில் 'நோய் உண்டா' என்று கேட்டால் ஆஸ்பத்திரியில் கிடந்ததைத்தான் நினைக்கிறோம். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் வருவது, "சுகர் எல்லாம் போடாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்று சொல்லித் தரும் ஏஜென்டுகள் மேல். மிச்சமாவது சில நூறோ சில ஆயிரமோ ரூபாய். பணயம் வைப்பது ஒரு குடும்பத்தின் சேமிப்பு. வேலை பழக வரும் தம்பிகள் யாராவது என் எதிரில் இப்படிச் சொன்னால் அன்றைக்கு நான் சும்மா விடுவதில்லை.

சொல்லிவிட்டால் மட்டும் எல்லாம் கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பல சாதாரணத் திட்டங்களில் முன்பே உள்ள நோய்க்குக் காப்பே கிடையாது. சிலவற்றில் உயிருக்கு ஆபத்தான அவசர நிலைக்கு மட்டும், ஒரு வரம்புக்குள் கொடுப்பார்கள். அந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். "முன்பே உள்ள நோயால் உயிருக்கு ஆபத்து வந்தால் எத்தனை டாலர் வரை?" என்று நேராகக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். ஃபோனில் சொன்னது நிற்காது.

படிவத்தை நிரப்பும்போது அப்பாவை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லாதீர்கள். மாத்திரை டப்பாவை மேஜையில் கொட்டுங்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் படிவத்தில் இருக்க வேண்டும். தைராய்டு, கொலஸ்ட்ரால், ஆஸ்துமா பம்ப், பழைய ஆஞ்சியோ எல்லாமே கணக்கு. அப்புறம் பாலிசி பிடிஎஃப் வந்ததும் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் சொன்னது அங்கே அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன பிறகும் 'இல்லை' என்றே வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்கு முன் எழுதிக் கேட்டால் திருத்தித் தருவார்கள் அல்லது ரத்து செய்துவிட்டு வேறு எடுக்கலாம். விமானம் ஏறிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

கப்பல் நாட்களுக்கு மட்டும் பாலிசி எடுப்பது

திருச்சியில் விமானம் ஏறும் நாளிலிருந்து திருச்சியில் இறங்கும் நாள் வரை எடுங்கள். கப்பல் முடிந்து மகன் வீட்டில் மூன்று வாரம் இருக்கப்போகிறார்கள் என்றால் அதுவும் சேர்த்து. அங்கே போன பிறகு நாளை நீட்டிக்க வேண்டுமானால், பழைய பாலிசி முடிவதற்குள் எழுதிக் கேட்க வேண்டும்.

நாட்டுப் பட்டியலைப் பார்க்காமல் விடுவது

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கு ஆசியத் திட்டம் போதும். ஆனால் பல ஆசியத் திட்டங்களில் ஜப்பான் சேராது. ஹாங்காங்கில் ஏறி ஒக்கினாவா போகும் கப்பலுக்கு அதை எடுத்தால் பாதிப் பயணம் வெறுங்கையோடு. வான்கூவரில் ஏறி அலாஸ்கா போகும் கப்பலுக்கு 'அமெரிக்கா, கனடா நீங்கலாக' என்ற மலிவுத் திட்டம் ஆகவே ஆகாது. பார்சிலோனாவில் ஏறுபவர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான விசா வேண்டும். அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு உள்ள பாலிசி கேட்பார்கள்.

நம்ம நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலும் இந்தக் கணக்கில்தான் வரும். 2023 அக்டோபரில் தொடங்கியது, சில மணி நேரப் பயணம். பக்கத்து ஊருக்குப் போவது போல வெறுங்கையோடு போகிறார்கள். யாழ்ப்பாணம் வெளிநாடு. வீட்டு ஹெல்த் பாலிசி பெரும்பாலும் அங்கே செல்லாது.

கப்பல் கிளம்பும் அன்றே விமானம் ஏறுவது

ராத்திரி விமானம், காலையில் சிங்கப்பூர், மத்தியானம் கப்பல் என்று திட்டம் போடுவார்கள். விடுதி வாடகை மிச்சம் என்ற கணக்கு. கப்பல் காத்திருக்காது. கிளம்பும் நேரத்துக்கு முன்பே வாசலை மூடிவிடுவார்கள். 'பயணத் தாமதம்' என்று பாலிசியில் இருப்பது பெரும்பாலும் இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை டாலர் என்ற சிறு தொகை. விட்டுப்போன கப்பலின் டிக்கெட் விலையை அது ஈடுகட்டாது. 'கப்பலைத் தவறவிடுதல்' என்று தனியாக எழுதியிருந்தால்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் கட்டாயம் ஒரு நாள் முன்னதாகப் போய்விடுங்கள். அந்த மாதங்களில் நம்ம வானம் எப்படி இருக்கும் என்று கஜா புயலைப் பார்த்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாலிசியைக் கடைசி நாள் எடுப்பது

டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய அன்றே எடுங்கள். கப்பல் கம்பெனிகள் ரத்துக் கட்டணத்தைப் படிப்படியாக ஏற்றும். கடைசி சில நாட்களில் ரத்து செய்தால் முழுப் பணமும் போய்விடும். நடுவில் அப்பா கிணற்றடியில் விழுந்து இடுப்பு முறிந்தால் காப்பாற்றுவது பயண ரத்துக் காப்பு. அது பாலிசி கையில் இருந்தால்தான் வேலை செய்யும். காரணங்களும் பட்டியலில் உள்ளவை மட்டும்தான். சாவு, ஆஸ்பத்திரி சேர்க்கை போன்றவை. மனசு மாறிவிட்டது, மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்பவை பொதுவாக அதில் இல்லை. புயல் உருவாகிப் பெயரும் வைத்த பிறகு எடுக்கும் பாலிசி, பொதுவாக அந்தப் புயலுக்கு உதவாது.

கப்பல் ஒரு துறைமுகத்துக்குப் போகாமல் விட்டால் பணம் வரும் என்று நினைப்பது

வராது, தனியாக எழுதியிருந்தால் தவிர. துறைமுகத்தை மாற்றும் உரிமை கப்பல் கம்பெனிக்கு டிக்கெட் ஒப்பந்தத்திலேயே உண்டு.

பில்லை மட்டும் பத்திரப்படுத்துவது

கப்பலை விட்டு இறங்கும் முன் டாக்டரின் முழு அறிக்கை, வகை பிரித்த பில், அறைக் கணக்கின் அச்சுப் பிரதி மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இறங்கிவிட்டால் மின்னஞ்சலில் வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்போ சேர்ந்த உடனேயோ பாலிசியில் உள்ள 24 மணி நேர எண்ணுக்குத் தகவல் போக வேண்டும். கப்பலில் நம்ம சிம்மை நம்ப முடியாது. வரவேற்பு மேஜையில் சொன்னால் பேச ஏற்பாடு செய்வார்கள். அந்த எண்ணைத் தாளில் எழுதி அம்மா கையிலும் ஒன்று கொடுங்கள், அப்பா படுத்துவிட்டால் கூப்பிட வேண்டியது அவர்தான்.

இன்னொன்று. கிளெய்முக்குப் பாஸ்போர்ட்டில் அந்த நாட்டுக்குப் போய்வந்த முத்திரை கேட்பார்கள். சிங்கப்பூர் 2021 டிசம்பர் முதல் வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. அதற்குப் பதில் மின்னஞ்சலில் இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வருகிறது. அந்த மின்னஞ்சலையும் விமான போர்டிங் பாஸையும் வைத்துக்கொள்ளுங்கள். குப்பை என்று அழித்துவிட்டு வந்து என்னிடம் கேட்பவர்கள் உண்டு.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனுக்கு, அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் குறைதீர் அதிகாரிக்கு, மனு போடலாம். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். படிவத்தில் உண்மையை எழுதியவர்களுக்கு அங்கே பேச இடம் இருக்கிறது.