கிளினிக்கல் டிரயல் தேடும் புற்றுநோயாளிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் புற்றுநோய் கண்ட தமிழ்க் குடும்பங்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய்வருவது சில ஆண்டுகளாக என் வேலையாக இருக்கிறது. அறிக்கைகளை வீட்டில் மறந்துவிட்டுப் போவது போன்ற சிறு பிழைகளை ஒருமுறை பட்டதும் எல்லோரும் திருத்திக்கொள்கிறார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நடந்து, இன்று புதிதாக டிரயல், அதாவது புதிய சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வு, தேடத் தொடங்குபவர்களிடமும் அப்படியே திரும்பிவரும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பது

எல்லா மருந்தும் தோற்ற பிறகே டிரயலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நம்மவர்களில் பலர் உறுதியாக நம்புகிறார்கள். புதிய மருந்தை முதன்முதலில் சோதிக்கும் முதல் கட்ட ஆய்வுகளில் பல, வேறு சிகிச்சை மிச்சமில்லாதவர்களையே சேர்த்துக்கொள்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மூன்றாம் கட்ட ஆய்வுகள், இன்று வழக்கத்தில் உள்ள சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுபவை. அவற்றில் பல, பரவிய நோய்க்கு இன்னும் எந்த மருந்தும் எடுக்காதவர்களை மட்டுமே ஏற்கும். அறுவைக்கு முன் கொடுக்கும் மருந்தை ஆராயும் டிரயலில், அறுவை முடித்தவருக்கு இடமில்லை. வேறு சில, முன்பு எத்தனை வகைச் சிகிச்சை எடுத்திருக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைத்திருக்கும்.

நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட ஓர் அக்காவின் மகனிடம், கீமோ தொடங்கும் முன்னரே, “டிரயல் ஏதும் உண்டா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் தம்பி” என்றேன். “அம்மா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை மாமா” என்று சற்றுக் கோபமாகவே பதில் சொன்னார். கீமோ பாதியில் இருக்கும்போது, ஜோஹன்னஸ்பர்க்கில் தம் தாயின் நோய்க்கே பொருந்தும் ஓர் ஆய்வு நடப்பதை அவரே கண்டுபிடித்துத் தொலைபேசியில் அழைத்தார். இதுவரை என்ன சிகிச்சை எடுத்தார்கள் என்று அங்கிருந்த செவிலியர் கேட்ட கேள்வியோடு உரையாடல் முடிந்துவிட்டது. அந்த ஆய்வு மருந்து அக்காவைக் குணப்படுத்தியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலன் உண்டா என்று தெரியாததால்தானே ஆய்வே நடத்துகிறார்கள். வேண்டும், வேண்டாம் என்று அவர்களே முடிவெடுக்கும் வாய்ப்பு போய்விட்டதே என்பதுதான் என் எரிச்சல். “அந்த நிலை” என்ற சொல்லை இன்றும் யாராவது உச்சரித்தால் என்னால் பொறுமையாக இருக்க முடிவதில்லை.

தாமதத்தால் கெடுவது இது ஒன்று மட்டுமல்ல. நோயாளியின் உடல் திறனை ஈகாக் என்னும் அளவுகோலில் 0 முதல் 5 வரை குறிப்பார்கள். எந்தத் தடையும் இல்லாமல் இயங்குபவருக்கு 0. நடமாடி, இலேசான வேலைகளைச் செய்ய முடிந்தவருக்கு 1. தம் தேவைகளைத் தாமே கவனித்துக்கொண்டாலும் வேலை எதுவும் செய்ய இயலாதவருக்கு 2. பெரும்பாலான ஆய்வுகள் 0 அல்லது 1 உள்ளவர்களையே கேட்கின்றன. கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் ஆகியவற்றின் அளவுகளுக்கும் வரம்பு உண்டு. ஒவ்வொரு சிகிச்சையும் இவற்றைச் சிறிது குறைத்துவிட்டே போகும். முந்தைய மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் இடைவெளி விட வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தால், நோய் வேகமாக வளர்பவருக்கு அந்த இடைவெளியே தாங்காது.

ஆகவே முதல் சிகிச்சைக்கு முன், அறுவைக்கு முன், ஸ்கேனில் நோய் வளர்ந்தது தெரிந்து மருந்தை மாற்றும் முன் என ஒவ்வொரு திருப்பத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். இதற்காகச் சிகிச்சையை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தீவிர இரத்தப் புற்றுநோயிலும், தண்டுவடத்தைக் கட்டி அழுத்தும்போதும் காத்திருக்க நேரமே இருக்காது.

பதிவேட்டைப் பாதி படிப்பது

அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு தொடங்கிய கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் என்னும் ஆய்வுப் பதிவேட்டுத் தளத்தில், ‘ஆக்டிவ், நாட் ரெக்ரூட்டிங்’ என்பதில் முதல் சொல்லை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். ஆய்வு நடக்கிறது, புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்பதே அதன் பொருள். ‘ரெக்ரூட்டிங்’ என்று இருந்தாலும் தென்னாப்பிரிக்க மையத்தின் நிலையைத் தனியாகப் பாருங்கள். ஓர் ஆய்வு அந்தத் தளத்தில் இருப்பதால் அதை அரசு சரிபார்த்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. நம் நாட்டில் மருந்து ஆய்வுக்கு, 2018-இல் பழைய மருந்துக் கட்டுப்பாட்டு மன்றத்தின் இடத்துக்கு வந்த சாப்ரா ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதியும், பதிவுபெற்ற அறநெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். தென்னாப்பிரிக்கத் தேசியப் பதிவேட்டிலும் அந்த ஆய்வு இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவரிடம் போகும்போது வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டாமல், கிளினிக்கல்டிரயல்ஸ்.கவ் தளத்தில் உள்ள, என்சிடி என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணை எழுதிக்கொண்டு போனால், அவர் நிபந்தனைகளை அங்கேயே படித்துப் பார்க்க இயலும்.

மெழுகில் பதித்த திசுவை மறப்பது

பயாப்ஸியில், அதாவது நோயைக் கண்டறியும் சோதனைக்காக, கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசு எந்த ஆய்வுக்கூடத்தில் உள்ளது என்பதை எழுதி வையுங்கள். பல ஆய்வுகள் அதைக் கேட்கும்.

கஷாயத்தையும் கஞ்சா எண்ணெயையும் மறைப்பது

டாக்டர் திட்டுவார் என்று பயந்து இவற்றைச் சொல்லாமல் விடுபவர்கள் நிறையப் பேர். சில மூலிகைகள் கல்லீரலில் மருந்து சிதையும் வேகத்தை மாற்றிவிடும். அதனால் ஆய்வு மருந்து இரத்தத்தில் தேவைக்கு மேல் தேங்கலாம், அல்லது பயனில்லாத அளவுக்குக் குறையலாம். கல்லீரல் என்சைம்கள் ஏறியதற்குக் காரணம் தெரியாவிட்டால் அந்த ஒன்றுக்காகவே உங்களை நிராகரிக்கவும் கூடும். ஊரிலிருந்து வந்த சூரணம், கோவிலில் தெரிந்தவர் கொடுத்த லேகியம் உட்பட அனைத்தையும் சொல்லுங்கள்.

பணம் கட்டிச் சேர்வது

ஆய்வு மருந்துக்கு விலை கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தூரத்தைக் கணக்கிடாமல் கையெழுத்திடுவது

புற்றுநோய் டிரயல்களில் பல ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா, கேப் டவுன் மையங்களில் நடக்கின்றன. டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்குச் சாலை வழியே 550 கிலோமீட்டருக்கு மேல். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து என்று சொல்லப்பட்டாலும், தொடக்கத்தில் இரத்தப் பரிசோதனைக்காக இன்னும் அடிக்கடி வரச் சொல்வது வழக்கம். எந்தப் பரிசோதனைகளை டர்பனிலேயே செய்துகொள்ளலாம், பயணச் செலவைத் தருவார்களா, துணைக்கு வருபவரின் கட்டணமும் இரவுத் தங்கலும் அதில் சேருமா, வழக்கமான ஸ்கேன்களின் கட்டணம் உங்கள் மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) தலையில் விழுமா என்பவற்றை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது.